நானியின் காரில் குழந்தை ஏறுவதற்கு முன்

காலையில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு வண்டியில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த நானி இருக்கிறார். பத்து மணிக்குச் சின்னவனுக்கு நீச்சல் வகுப்பு. மதியம் பெரியவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். வாசலில் நிற்கும் ஒரே கார் நானியுடையது. பல வீடுகளில் இந்த ஏற்பாடு யாரும் உட்கார்ந்து பேசாமலே தொடங்கிவிடுகிறது. "கார் சீட்டைக் கதவுப் பக்கம் வெச்சிருக்கேன், எடுத்து மாட்டிக்கோங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேசாமல் விட்டது என்னென்ன? குழந்தையை உட்கார வைத்துக் கட்டும் அந்த சீட் இந்தக் காரில் சரியாக உட்காருமா? எங்காவது இடித்துக்கொண்டால் யாருடைய இன்சூரன்ஸ் பணம் தரும்? பெட்ரோலும் டயர் தேய்மானமும் யார் கணக்கில்? கடைசி இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை என்பதால் எப்படியும் ஒரு நாள் பேச்சுக்கு வந்துவிடும். முதல் கேள்விதான் வராமலே போகும், ஏனென்றால் சீட் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, நல்ல கம்பெனி, நல்ல விலை கொடுத்து வாங்கியது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீட் என்ன வேலை செய்கிறது

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சட்டென்று எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். அந்த வேகத்தில் மோதுவதும் சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதும் ஒன்றுதான். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்த நொடியில் இருநூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இதனால்தான் நடக்காத காரியம்.

கார் சீட் செய்வது இரண்டு வேலை. குழந்தையைக் காரோடு சேர்த்துக் கட்டிப்போடுவது ஒன்று. மோதலின் வேகத்தை உடம்பின் வலுவான பாகங்களுக்குப் பரவலாகக் கொடுப்பது இன்னொன்று. கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மோதினால் உடம்பைப் பட்டை பிடித்து நிறுத்திவிடும், தலை மட்டும் பறக்கப் பார்க்கும், சுமை முழுக்கக் கழுத்தில் விழும். வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகுக்குள் அழுந்தும். சுவீடனில் பெர்டில் ஆல்ட்மான் என்ற பேராசிரியர் 1960களில் இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்த நிலையில் உட்காருவதைப் பார்த்து வந்த யோசனை அது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் காரில் இறக்கும் ஆபத்தைக் கார் சீட் 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. சரியாக மாட்டினால் கிடைக்கும் பலன் இது. ஆனால் அதே துறை சாலையில் வண்டிகளை நிறுத்தி ஆய்வு செய்தபோது, சுமார் 46 சதவீதக் கார் சீட்டுகளிலும் பூஸ்டர்களிலும் (பெரியவர்களின் பெல்ட் சரியாகப் படும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைப்பவை) ஏதோ ஒரு பெரிய தவறு இருந்தது. ஏறத்தாழப் பாதி. அவற்றில் பெரும்பாலானவை பெற்றோரே தங்கள் சொந்தக் காரில் மாட்டியவையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் முன்பின் பார்க்காத சீட்டைத் தன் காரில் அவசரமாக மாட்டும் நானியின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே சீட், வேறு கார்

பெற்றோர் பலருக்குத் தெரியாத விஷயம் இது. உங்கள் காரில் அசையாமல் நின்ற சீட், நானியின் காரில் அதே மாதிரி நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சீட்டுக்கு ஒரு கையேடு, காருக்கு ஒரு கையேடு, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும். காரின் கையேட்டைப் பொதுவாக யாரும் திறப்பதே இல்லை. எந்த இருக்கையில் கொக்கி இருக்கிறது, எந்த இருக்கையில் குழந்தை சீட் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கொக்கி என்றது ஐசோஃபிக்ஸ் அல்லது லேட்ச் என்று சொல்லப்படும் அமைப்பை. பின் இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் கையை விட்டால் இரண்டு சிறிய இரும்பு வளையங்கள் தட்டுப்படும். 1999ல் இதற்கு உலகத் தர நிர்ணயம் வந்தது. அமெரிக்காவில் 2002 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் இது கட்டாயம். நானியின் கார் அதற்கும் பழையது என்றால் வளையம் இல்லாமல் இருக்கலாம். பயப்பட வேண்டியதில்லை, பெல்ட்டால் மாட்டினாலும் பாதுகாப்பு அதேதான். எது சரியாக இறுகுகிறதோ அதுவே நல்லது. பாதுகாப்பு கூடும் என்று நினைத்து இரண்டையும் ஒன்றாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டின் கையேடு அப்படிச் சொல்லியிருந்தால் தவிர அது கூடாது.

வளையங்களுக்கு எடை வரம்பும் உண்டு. அமெரிக்க விதிப்படி குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு, அதாவது சுமார் 29 கிலோ. ஐ-சைஸ் என்ற ஐரோப்பியக் கார் சீட் விதியில் 33 கிலோ. சீட்டே பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், எனவே நான்கைந்து வயதுக் குழந்தைக்கு இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் பெல்ட்டுக்கு மாறிவிட வேண்டும். பெற்றோர் தங்கள் காரில் மாற்றிவிட்டு நானியிடம் சொல்ல மறந்துவிடுவது சகஜம்.

பெல்ட்டால் மாட்டும்போது முக்கியமானது, பெல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது. பல கார்களில் தோள் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துவிட்டு மெதுவாக விட்டால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு ஒருவழியாகச் சுருங்கும், பிறகு வெளியே வராது. சில கார்களில் இந்த வசதி இல்லை. அப்போது சீட்டிலேயே பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு இருக்க வேண்டும். நானியின் கார் எந்த வகை என்பதைக் காரில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை எளிது. பெல்ட் சீட்டுக்குள் நுழைந்து போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு 'ஆடுகிறதே' என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. பின்பக்கம் பார்த்த சீட்டின் மேல்பகுதி ஓரளவு ஆடத்தான் செய்யும். பெல்ட் போகும் இடத்தில் ஆடினால்தான் தப்பு.

அப்புறம் சாய்வு. பச்சைக் குழந்தை அதிகம் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுக் குழாய் மடங்கும். அதற்காகத்தான் சீட்டின் பக்கவாட்டில் ஒரு குமிழோ கோடோ வைத்திருப்பார்கள். கார் சமதளத்தில் நிற்கும்போது பார்த்தால்தான் அது சரியாகக் காட்டும். ஒவ்வொரு காரின் பின் இருக்கையும் ஒவ்வொரு கோணத்தில் சரிந்திருப்பதால், உங்கள் காரில் வைத்த அதே நிலையில் நானியின் காரில் வைத்தால் கோணம் மாறிவிடும். பின்பக்கம் பார்த்த பெரிய சீட்டை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும். ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கில் நெஞ்சு இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து ஓட்டுவது நானிக்கும் ஆபத்து. சின்னக் காராக இருந்தால் சீட்டை மறுபக்கம் வைப்பது நல்லது. நடு இருக்கை பக்கவாட்டு மோதலிலிருந்து தள்ளி இருப்பதால் உத்தமம் என்பார்கள், உண்மைதான். ஆனால் பல கார்களில் நடுவில் வளையமும் இருக்காது, இருக்கை மேடாகவும் இருக்கும். தளர்வாக நடுவில் இருப்பதைவிட இறுக்கமாக ஓரத்தில் இருப்பது மேல்.

முன்பக்கம் பார்த்த சீட்டுக்கு உச்சியிலிருந்து ஒரு பட்டை வரும், டெதர் என்பார்கள். மோதும்போது குழந்தையின் தலை முன்னால் போகும் தூரத்தைக் குறைப்பது அதுதான். பலர் அதைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் சொருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். காரில் அதை மாட்டும் இடம் இருக்கையின் முதுகிலோ, கூரையிலோ, பின்கதவுக்குப் பக்கத்துத் தரையிலோ இருக்கும். பெட்டி படுக்கை கட்டும் கொக்கியில் தவறாக மாட்டிவிடாதீர்கள். எது எது என்று காரின் கையேடு படம் போட்டுக் காட்டும்.

ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடிக்கலாம். முன் ஏர்பேக் வேலை செய்யும் இருக்கையில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரிவது குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக அடிப்பதாகிவிடும்.

இவ்வளவையும் தனியாகச் செய்ய மலைப்பாக இருந்தால், சீட் மாட்டக் கற்றுத்தரப் பயிற்சி பெற்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இவர்களுக்கான சான்றிதழ் முறையை நடத்துவது சேஃப் கிட்ஸ் வேர்ல்ட்வைட் அமைப்பு. காரை ஓட்டிக்கொண்டு நானியே போக வேண்டும், பெற்றோர் போய்க் கற்றுக்கொண்டு வந்து வாய்வழியாகச் சொல்வதில் பயனில்லை. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இரண்டாவது சீட் வாங்குவதா?

என்னைக் கேட்டால், வாரத்தில் பல நாள் நானி ஓட்டப்போகிறார் என்றால் அவர் காருக்கென்று ஒரு சீட் வாங்கி அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். வாங்க வேண்டியவர்கள் பெற்றோர். தினமும் கழற்றி மாட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரு தவறுக்கு வாய்ப்பு இருக்கிறது. மழை, அவசரம், அழும் குழந்தை என்று எல்லாம் சேர்ந்து வரும் நாளில்தான் பெல்ட் பூட்டாமல் போகும். கைக்குழந்தை சீட் என்றால் செலவைக் குறைக்க வழி உண்டு. அடித்தளத்தை மட்டும் இன்னொன்று வாங்கி நானியின் காரில் மாட்டிவைத்தால், மேலே உள்ள கூடையை இரண்டு காரிலும் 'க்ளிக்' என்று பொருத்தி எடுக்கலாம்.

பழைய சீட் கிடைக்கிறதே என்று யாரோ கொடுத்ததை வாங்கிவிட வேண்டாம். விபத்தில் மாட்டிய சீட் வெளியே பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும், உள்ளே பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டிருக்கலாம். சீட்டுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அடியிலோ முதுகிலோ தயாரித்த தேதி அச்சிட்டிருப்பார்கள், பொதுவாக அதிலிருந்து ஆறு முதல் பத்து வருடம். வரலாறு தெரிந்த, நம்பிக்கையான உறவினரின் சீட் என்றால் அது வேறு விஷயம்.

எந்த வகை சீட் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் பின்பக்கம் பார்த்தது, பிறகு ஐந்து முனைப் பட்டையோடு முன்பக்கம் பார்த்தது, பிறகு பூஸ்டர், கடைசியில் பெரியவர்களின் பெல்ட். அடுத்த நிலைக்குப் போவதில் அவசரம் காட்டக் கூடாது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018ல் தன் பரிந்துரையைத் திருத்தியபோது, வயதைச் சொல்லாமல், சீட்டின் உயர, எடை வரம்பு வரும் வரை பின்பக்கம் பார்த்தே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஐ-சைஸ் விதியில் குறைந்தது 15 மாதம். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் கட்டாயம். அதற்கு முன் பூஸ்டரை எடுப்பது சட்டப்படியும் தப்பு.

பூஸ்டர் விஷயத்திலும் காருக்குக் கார் மாறும். பூஸ்டர் இல்லாமல் உட்காரத் தயாரா என்று பார்க்க, முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் இருக்கை விளிம்பில் மடிகிறதா, இடுப்புப் பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல்பகுதியில் படுகிறதா, தோள் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் போகிறதா என்று கவனிப்பார்கள். உங்கள் காரில் மூன்றுக்கும் 'ஆம்' என்றாலும் இருக்கை ஆழமாக இருக்கும் நானியின் காரில் 'இல்லை' என்று வரலாம். "வீட்டுக் கார்ல எனக்கு பூஸ்டர் கிடையாதே" என்று பத்து வயதுப் பெண் முறைப்பாள். நானி விட்டுக்கொடுக்கக் கூடாது, பெற்றோரும் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆள் உட்காராத பூஸ்டரையும் பெல்ட்டால் கட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதும்போது அதுவே பறந்து வந்து அடிக்கும்.

தினமும் நடக்கும் பகுதி

சீட் மாட்டுவது ஒரு முறை. பட்டை போடுவது ஒவ்வொரு பயணத்துக்கும். பின்பக்கம் பார்த்த சீட்டில் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்பக்கம் பார்த்ததில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. இறுக்கம் சரியா என்று பார்க்கத் தோள் அருகே பட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு, விரல் வழுக்கினால் சரி. நெஞ்சுக் கிளிப் இருக்கும் சீட் என்றால் அது அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டோடு கட்டினால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். மோதும்போது பஞ்சு அமுங்கிவிடும், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டி, அதன் மேல் போர்த்திவிடலாம்.

இரண்டு வயதுக் குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறும்போது இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றும். இந்த நேரத்தில் பெற்றோர் ஒரு மாதிரியும் நானி ஒரு மாதிரியும் நடந்தால் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். பட்டை போடாமல் வண்டி நகராது என்பது இரண்டு காரிலும் ஒரே சட்டமாக இருக்கட்டும். வழியில் கையை வெளியே எடுத்துவிட்டால் ஓரம் கட்டி நிறுத்திச் சரிசெய்ய வேண்டும், வகுப்புக்குத் தாமதமானால் பரவாயில்லை என்று பெற்றோரே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நானிக்குப் பெரிய தெம்பு.

மறதியைப் பற்றியும் பேச வேண்டும். நிறுத்திய காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறும், கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவைத்தாலும் பெரிதாகக் குறையாது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக முப்பத்தேழு குழந்தைகள் இப்படி இறக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் மறந்துபோய் விடப்பட்டவர்கள். வழக்கமான நடைமுறை மாறும் நாளில்தான் இது நடக்கிறது. அம்மா கொண்டுபோய்விடும் குழந்தையை அன்று நானி கொண்டுபோகிறார், பின்னால் குழந்தை தூங்கிவிட்டது, கை தன் பழக்கப்படி வண்டியை வேறு வழியில் திருப்பிவிட்டது. பாசம் இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. கைப்பையையும் செல்போனையும் பின் இருக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கொண்டுபோய் விட்டதும் "விட்டாச்சு" என்று ஒரு செய்தி. குறித்த நேரத்தில் அந்தச் செய்தி வராவிட்டால் பெற்றோர் போன் செய்ய வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

பொறுப்பு யாருக்கு, இன்சூரன்ஸ் யாருடையது

பெரும்பாலான நாடுகளில் குழந்தை சரியாகக் கட்டப்படவில்லை என்றால் போலீஸ் பிடிப்பது வண்டி ஓட்டுகிறவரைத்தான். பிரிட்டனில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பொறுப்பு ஓட்டுநருக்கு. இந்தியாவில் 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்கிறவரையும் அனுமதிக்கிறவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. நானி வைத்திருக்கும் சீட் பெற்றோர் கொடுத்ததுதான், அவர்கள் மாட்டியதுதான் என்றாலும் அபராதச் சீட்டு நானியின் பெயரில் வரும். அதனால் "இந்த சீட் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்சூரன்ஸ்தான் பலரும் சறுக்கும் இடம். நானி தன் காருக்கு எடுத்திருப்பது சொந்த உபயோகத்துக்கான பாலிசி. கடைக்குப் போவது, உறவினர் வீட்டுக்குப் போவது எல்லாம் அதில் அடங்கும். வேலையின் ஒரு பகுதியாக இன்னொருவர் குழந்தையை ஏற்றிக்கொண்டு போவது அடங்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். பிரிட்டனில் இதற்கு 'பிசினஸ் யூஸ்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போய்வருவதற்கான பாலிசி போதாது. அமெரிக்காவில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் கேட்டாலே சேர்த்துவிடுவார்கள், சிலவற்றில் கூடுதல் பிரீமியம்.

சின்ன விபத்து ஒன்று நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் முன்னால் நின்ற வண்டியை நானி இடித்துவிடுகிறார். இன்சூரன்ஸ் ஆள் போனில் கேட்கும் முதல் சில கேள்விகளிலேயே "எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், வண்டியில் யார் யார் இருந்தார்கள்" என்பது வந்துவிடும். "நான் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள்" என்று உண்மையைச் சொன்னால், அந்த உபயோகம் பாலிசியில் இல்லாதபோது கோரிக்கையை மறுக்க வழி இருக்கிறது. பொய் சொன்னால் அது மோசடி. நானி மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்க, பெற்றோரும் தப்ப முடியாது. வேலை நேரத்தில் வேலையாள் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்ற சட்டக் கோட்பாடு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறது, நானியை வேலைக்கு வைத்தவர்கள் சட்டத்தின் கண்ணில் முதலாளிகள்தான். காயம்பட்ட எதிர் வண்டிக்காரர் நானியை விட்டுவிட்டுப் பெற்றோர் மேல் வழக்குப் போடலாம்.

எனவே முதல் பயணத்துக்கு முன் நானி தன் கம்பெனிக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். போனில் ஒருவர் "பரவாயில்லை மேடம்" என்று சொன்னது விபத்துக்குப் பிறகு நிற்காது. பிரீமியம் கூடினால் அந்தக் கூடுதலைப் பெற்றோர் கொடுப்பதே நியாயம், அவர்கள் வேலைக்காகத்தானே கூடியது. பெற்றோரும் தங்கள் இன்சூரன்ஸ் முகவரிடம் வீட்டில் வேலையாள் இருப்பதையும் அவர் தன் காரில் குழந்தைகளை அழைத்துப்போவதையும் சொல்லி, தங்களுக்கு ஏதாவது தனிப் பாதுகாப்பு தேவையா என்று கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் கூடுதல் கார் இருந்தால் அதை நானியிடம் கொடுத்து, அவர் பெயரை ஓட்டுநராகப் பாலிசியில் சேர்த்துவிடுவது இந்தத் தலைவலிகளில் பாதியைத் தீர்க்கும். சீட்டும் ஏற்கனவே சரியாக மாட்டியிருக்கும். அமெரிக்காவில் பொதுவாக இன்சூரன்ஸ் காரைத் தொடர்ந்து வரும், யார் ஓட்டினாலும் முதலில் பொறுப்பேற்பது காருக்குரிய பாலிசி. நானியின் காரையே பயன்படுத்துவது என்றால் முதல் அடி அவர் பாலிசிக்கு விழும், அடுத்த வருடப் பிரீமியம் ஏறுவதும் அவருக்குத்தான்.

மைல் கணக்கு

பெட்ரோல் பில்லை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு மைலுக்கும் டயர், எண்ணெய், பிரேக், காரின் மறுவிற்பனை விலை எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதையெல்லாம் சேர்த்து அமெரிக்க வருமான வரித் துறை ஆண்டுதோறும் ஒரு மைலுக்கு இவ்வளவு என்று விகிதம் வெளியிடுகிறது. 2024ல் அது 67 சென்ட், 2025ல் 70 சென்ட். அந்த அளவுக்குள், கணக்கு எழுதிவைத்துக் கொடுத்தால் அது நானியின் சம்பளமாகக் கருதப்படாது, வரியும் கிடையாது. பிரிட்டனில் 2011 முதல் காருக்கான முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ் என்று வைத்தார்கள். எந்த நாடாக இருந்தாலும் இப்படி ஓர் அரசு விகிதம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் பேரம் பேசும் சங்கடத்தை மிச்சப்படுத்தும்.

நானி தன் வீட்டிலிருந்து வேலைக்கு வருவதும் திரும்பிப் போவதும் பொதுவாக இதில் சேராது. வேலை நேரத்தில் குழந்தைக்காக ஓடியதுதான் கணக்கு. தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மைல் என்று மூன்று பத்தி உள்ள சின்ன நோட்டு போதும். பார்க்கிங் கட்டணமும் சுங்கமும் தனி. காருக்குள் சிந்தும் பால், நசுங்கிய பிஸ்கட், கதவில் கிரேயான் கோலம் இதெல்லாம் எந்த விகிதத்திலும் வராது. அவ்வப்போது கார் சுத்தம் செய்யும் செலவைக் கொடுத்துவிடும் பெற்றோரிடம் நானிகள் நீண்ட நாள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஓட்டுநர் உரிமம், விபத்து வரலாறு, டயரின் நிலை, காரில் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்பது. டக்காட்டா கம்பெனியின் ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறிய விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, சரிசெய்யாமல் இன்னும் ஓடுபவையும் உண்டு. கார் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நானியின் சொந்தக் காரில் இருப்பிடம் காட்டும் கருவியை ஒட்டிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்த பிறகும் அது அவர் கார்தான்.

யார் யாரை ஏற்றலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை "நீங்கதானே போறீங்க, சேர்த்துக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று கேட்பார்கள். அந்தக் குழந்தைக்கு சீட் எங்கே, அதன் பெற்றோரின் அனுமதி எங்கே? நானி தன் சொந்தக் குழந்தையையும் கூட்டி வருகிறார் என்றால் மூன்று சீட்டுகள் பின்னால் ஒன்றாக அடங்குமா என்று மாட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பல கார்களில் அடங்காது. நடுவில் உள்ள சீட்டின் அகலம் பக்கத்து பெல்ட் பூட்டை மறைத்துவிடும்.

இடித்துவிட்டால்

கார் சீட்டின் பக்கத்தில் தெரியும்படி ஒரு அட்டை ஒட்டிவைக்கலாம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, பெற்றோர் இருவரின் எண். நானி மயங்கிக் கிடந்தால் குழந்தை யார் என்று மீட்பவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? பெற்றோர் இல்லாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் தரும் கடிதம் ஒன்றும் நானியிடம் இருக்க வேண்டும்.

அதன் பிறகு சீட். பெரிய விபத்தென்றால் மாற்றியே ஆக வேண்டும். சின்ன இடிதானே என்றால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஐந்து நிபந்தனை சொல்கிறது. காரை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போக முடிந்திருக்க வேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு சேதமாகியிருக்கக் கூடாது, யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் பழுது இருக்கக் கூடாது. ஐந்தும் சரியாக இருந்தால் மட்டுமே பழைய சீட்டைத் தொடரலாம். அப்போதும் சில தயாரிப்பாளர்கள் எந்த விபத்தானாலும் மாற்றச் சொல்வார்கள், அவர்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. பல இன்சூரன்ஸ் பாலிசிகள் புது சீட்டுக்கான பணத்தைத் தரும், கோரிக்கை எழுதும்போது சேர்த்துக் கேட்க வேண்டும். பழையதைத் தூக்கிப் போடும் முன் பட்டைகளைக் கத்தரித்து, மேலே பேனாவால் 'விபத்தில் சிக்கியது' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தெருவோரத்திலிருந்து யாராவது எடுத்துப்போய்த் தங்கள் குழந்தைக்கு மாட்டிவிடுவார்கள்.